நம்ம ஊர் மன்றத்துக்கு விக்கிப்பீடியா பக்கம் கிடைக்குமா? யார் முடிவு செய்றாங்க, எப்படி?

மொபைலில் 'மங்களூர்' என்று தட்டிப் பாருங்கள். முதலில் வருவது கர்நாடகாவின் கடற்கரை நகரம்தான். செராமிக் பொம்மைக்கும் அகல் விளக்குக்கும் பேர் போன விருத்தாசலம் இருக்கிற அதே கடலூர் மாவட்டத்தில், திட்டக்குடி பக்கம் இன்னொரு மங்களூர் இருக்கிறது. அது தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் கீழே இறங்கித் தேட வேண்டும்.

ஆனாலும் அந்த மங்களூருக்கு இணையக் கலைக்களஞ்சியத்தில் இடம் உண்டு. ஊராட்சி ஒன்றியத்துக்குப் பக்கம் இருக்கிறது. தொகுதி மறுசீரமைப்பில் காணாமல் போன மங்களூர் சட்டமன்றத் தொகுதிக்கும் இருக்கிறது. 2006-ல் கடைசியாகத் தேர்தல் நடந்த தொகுதி அது. 2011-ல் இருந்து அங்கே திட்டக்குடி தொகுதிதான்.

இப்போது ஒரு கற்பனைக் குழுவை எடுத்துக்கொள்வோம். அதே ஒன்றியத்தில் இருபது வருஷமாக ஓடுகிற ஓர் இளைஞர் நற்பணி மன்றம். ரத்ததான முகாம் நடத்துகிறார்கள், ஏரிக்கரையில் பனை விதை போடுகிறார்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு எடுக்கிறார்கள். மன்றத்தில் ஒரு தம்பி ராத்திரி முழுக்க உட்கார்ந்து விக்கிப்பீடியாவில் பக்கம் போடுகிறார். மறுநாள் பார்த்தால் பக்கத்தைத் தூக்கிவிட்டார்கள். 'குறிப்பிடத்தக்கமை இல்லை' என்று ஒரே வரிக் காரணம்.

"இல்லாமல் போன தொகுதிக்கு இடம் இருக்கு, இன்னைக்கும் வேலை செய்யிற எங்களுக்கு இல்லையா?" என்று அந்தத் தம்பிக்குக் கோபம் வருவது நியாயம்தான். இந்த முடிவை எப்படி எடுக்கிறார்கள், அதில் என்ன சிக்கல், சின்னக் குழுக்கள் என்ன செய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

முடிவு செய்வது யார்?

விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் வந்தது. இரண்டிலுமே எந்தக் கட்டுரை இருக்கலாம், எது கூடாது என்று தீர்மானிக்கிற சம்பளம் வாங்கும் ஆசிரியர் குழு கிடையாது. உங்களையும் என்னையும் போன்ற தன்னார்வலர்கள்தான் எழுதுகிறார்கள், திருத்துகிறார்கள், நீக்கச் சொல்லிக் கோருகிறார்கள். நீக்கும் பொத்தான் மட்டும் நிர்வாகிகள் கையில். அந்த நிர்வாகிகளும் தன்னார்வலர்கள்தான். அவர்களைத் தேர்ந்தெடுப்பது சக பயனர்கள்.

ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தனக்கான விதிகளைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இருக்கும் பக்கம் தமிழில் இல்லாமல் போகலாம், தமிழில் இருப்பது ஆங்கிலத்தில் நிற்காமல் போகலாம். ஆனால் அடிப்படைக் கேள்வி எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அந்த ஒரு கேள்வி என்ன?

'இந்தக் குழு நல்லதா?' என்று அங்கே யாரும் கேட்பதில்லை. 'எத்தனை உறுப்பினர்?' என்றும் கேட்பதில்லை. கேட்பது இதுதான்: இந்தக் குழுவோடு சம்பந்தமில்லாத, நம்பத்தகுந்த வேறு யாராவது, இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா?

இதற்குள் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன.

முதலாவது, சம்பந்தமில்லாதவர் எழுதியிருக்க வேண்டும். மன்றத் தலைவர், செயலாளர், நன்கொடை கொடுத்தவர் எழுதினால் கணக்கில் வராது.

இரண்டாவது, நம்பத்தகுந்த இடத்தில் வந்திருக்க வேண்டும். அதாவது ஆசிரியர் பார்வையிட்டு, தவறு இருந்தால் பொறுப்பேற்கிற பத்திரிகை, பதிப்பகம், பல்கலைக்கழக ஆய்வு போன்றவை.

மூன்றாவது, விரிவாக இருக்க வேண்டும். போகிற போக்கில் பெயர் வந்தால் போதாது.

ஏன் இப்படி ஒரு கண்டிப்பு? கலைக்களஞ்சியக் கட்டுரையை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால், எழுதுகிறவர் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. ஒவ்வொரு வரிக்கும் வெளியில் ஒரு சாட்சி வேண்டும். சாட்சியே இல்லாத விஷயத்தில், மன்றம் தன்னைப் பற்றித் தானே சொல்வது மட்டும்தான் மிஞ்சும். பத்து வருஷம் கழித்து யாரோ ஒருவர் அதில் பொய்யைச் சேர்த்தாலும், சரிபார்க்க வழி இருக்காது.

நம்ம மன்றத்தின் கோப்பைப் பிரித்துப் பார்ப்போம்

பெரும்பாலான ஊர் மன்றங்களில் ஒரு கோப்பு இருக்கும். அதில் இருக்கும் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் விதி எளிதாகப் புரியும்.

சங்கப் பதிவுச் சான்றிதழ்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவு செய்த சான்று இருக்கலாம். அது குழு இருக்கிறது என்பதற்கு ஆதாரம். குறிப்பிடத்தக்கது என்பதற்கு ஆதாரம் இல்லை. கட்டணம் கட்டி முறைப்படி விண்ணப்பித்த சங்கங்களுக்கெல்லாம் அந்தச் சான்று உண்டு.

மாவட்டப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி: 'கண் சிகிச்சை முகாம் நடந்தது, இன்னார் தலைமை தாங்கினார்' என்ற வகை. பெரும்பாலும் மன்றமே எழுதிக் கொடுத்த குறிப்பாக இருக்கும். பத்து துண்டு சேர்த்தாலும் விரிவான ஒரு கட்டுரைக்கு ஈடாகாது.

ஆண்டு மலர்: உள்ளே எவ்வளவு நல்ல வரலாறு இருந்தாலும், சொந்த வெளியீடு. சாட்சியாக எடுக்க மாட்டார்கள்.

கலெக்டர் கொடுத்த பாராட்டுச் சான்றிதழ்: பெருமைக்குரியது. ஆனால் மன்றத்தைப் பற்றி அதில் ஒன்றிரண்டு வரிதான் இருக்கும்.

செயலாளரின் யூடியூப் பேட்டி: அவரே பேசுகிறார். ஆகவே சம்பந்தமில்லாத சாட்சி ஆகாது.

ஞாயிறு இணைப்பிதழில் ஒரு முழுப் பக்கக் கட்டுரை: செய்தியாளர் நேரில் வந்து, மன்றத்தினரிடம் மட்டுமில்லாமல் ஊர்க்காரர்களிடமும் விசாரித்து எழுதியது. இது கணக்கில் வரும்.

முனைவர் பட்ட ஆய்வில் ஓர் அத்தியாயம்: ஏற்கப்பட்ட ஆய்வேடு என்றால் இதுவும் கணக்கில் வரும்.

டிவி சேனல் செய்தித் தொகுப்பு: செய்தியாளர் சுயமாக விசாரித்து எடுத்தது என்றால் வரும். காசு கொடுத்துப் போட்ட விளம்பர நிகழ்ச்சி என்றால் வராது.

கடைசி மூன்றில் எத்தனை வேண்டும்? இத்தனைதான் என்று எண் கிடையாது. ஆனால் ஒன்றுக்கு மேல் எதிர்பார்க்கிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் அமைப்புகளுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. உள்ளூர் பத்திரிகை மட்டும் எழுதியிருந்தால் போதாது. வட்டார அளவிலோ, மாநில அளவிலோ, அதற்கு மேலோ வாசகர் உள்ள ஓர் இடத்திலாவது எழுதப்பட்டிருக்க வேண்டும். பெரிய அமைப்பின் ஊர்க்கிளை என்றால் இன்னும் கடினம். தாய் அமைப்பின் புகழ் கிளைக்குத் தானாக வராது.

முக்கியமான ஒன்று: ஆதாரம் இணையத்தில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி இல்லை. ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 1998-ல் வந்த தமிழ் வார இதழின் பழைய பிரதி கையில் இருந்தால், இதழ் பெயர், தேதி, பக்க எண், எழுதியவர் பெயர் கொடுத்துச் சான்றாகக் காட்டலாம்.

'சின்ன' குழு என்பது தடையா?

இல்லை. இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

திருவண்ணாமலை மாவட்டத்தில் புரிசை ஒரு கிராமம்தான். அங்கே பரம்பரையாகத் தெருக்கூத்து ஆடும் துரைசாமி கண்ணப்ப தம்பிரான் பரம்பரைத் தெருக்கூத்து மன்றம் ஒரு சிறிய குழு. ஆனால் அந்தக் கூத்தைப் பற்றி வெளியில் இருந்து வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறைக்குக் கண்ணப்ப தம்பிரானோடு இருந்த உறவு நவீன நாடக வரலாற்றில் பேசப்படுகிறது. சங்கீத நாடக அகாடமி விருதும் அந்தப் பரம்பரைக்குக் கிடைத்திருக்கிறது. ஆள் எண்ணிக்கை குறைவு, வெளிச்சாட்சி அதிகம். அப்படியென்றால் கட்டுரைக்கு இடம் உண்டு.

காஞ்சிபுரம் பக்கம் 1990-ல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் இன்னொரு பாடம் சொல்கிறது. கலைஞர் பெ. ராஜகோபாலோடு சேர்ந்து அதை வளர்த்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஹன்னா டி புருயின். கட்டைக்கூத்து பற்றிய அவரது ஆய்வு நூல் 1999-ல் வந்தது. கலையைத் தெரிந்துகொள்ள அது முக்கியமான நூல். ஆனால் சங்கத்துக்குத் தனிப் பக்கம் வேண்டுமா என்ற கேள்வி வரும்போது, அவர் சங்கத்துக்குள் இருப்பவர் என்பதால், அவர் எழுத்தைச் 'சம்பந்தமில்லாத சாட்சி'யாகக் காட்ட முடியாது. மற்ற ஆய்வாளர்களும் பத்திரிகைகளும் எழுதியதைத்தான் காட்ட வேண்டும். நல்ல ஆதாரம் வேறு, சம்பந்தமில்லாத ஆதாரம் வேறு. பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தெருக்கூத்து என்ற கலையைப் பற்றிப் புத்தகங்கள் இருப்பதால், அதை ஆடும் எல்லாக் குழுக்களுக்கும் பக்கம் வந்துவிடாது. விருத்தாசலம் செராமிக் தொழிலைப் பற்றி எழுதலாம் என்பதால், அங்கே சூளை வைத்திருக்கும் ஒவ்வொரு கூடத்துக்கும் தனிக் கட்டுரை போட முடியாது. கலைக்கும் தொழிலுக்கும் இருக்கிற புகழ், அதைச் செய்கிறவர்களுக்குத் தனித்தனியாக நிரூபிக்கப்பட வேண்டும்.

அப்போ ஊருக்கு மட்டும் எப்படிப் பக்கம்?

அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். ஊர், ஒன்றியம், தொகுதி எல்லாம் அரசு சட்டப்படி அங்கீகரித்த இடங்கள். மக்கள் வாழும் அங்கீகரிக்கப்பட்ட ஊருக்கு இடம் உண்டு என்பது விக்கிப்பீடியாவில் பொதுவான வழக்கம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல் முடிவு என்று அரசுத் தரவு எப்போதும் இருக்கும். தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றில் ஏராளமானவற்றுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் பக்கம் இருப்பதற்கு இதுதான் காரணம்.

மங்களூர் தொகுதியையே பாருங்கள். 2001-ல் தொல். திருமாவளவன் முதல்முறையாக எம்.எல்.ஏ. ஆனது அங்கிருந்துதான். தொகுதி போய்விட்டாலும் தேர்தல் ஆணைய ஆவணங்களிலும் பத்திரிகைகளிலும் பதிவு அப்படியே இருக்கிறது. ஒருமுறை குறிப்பிடத்தக்கதாக ஆனது, பிறகு இல்லாமல் போனாலும் அந்தத் தகுதியை இழப்பதில்லை.

இந்த விதி எப்போதும் சரியாக வேலை செய்கிறதா?

இல்லை. அதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஒன்று உண்டு.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லாண்ட் பற்றி ஒருவர் எழுதிய வரைவை, 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் நிராகரித்தார்கள். கொடுத்த ஆதாரங்கள் அவரது குறிப்பிடத்தக்கமையைக் காட்டவில்லை என்பது காரணம். அதே ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அந்தப் பரிசைப் பெற்ற மூன்றாவது பெண் அவர். அன்றைக்குத்தான் அவருக்குப் பக்கமே வந்தது.

உலக அளவில் வேலை செய்த விஞ்ஞானிக்கே இந்த நிலைமை என்றால், மாவட்டத் தலைநகரில் இருந்து தள்ளியிருக்கும் ஊர்க் குழுவுக்கு? பத்திரிகைகள் யாரைப் பற்றி எழுதவில்லையோ, அவர்களைக் கலைக்களஞ்சியமும் எழுத முடியாது. பெண்கள் சுய உதவிக் குழு, தலித் இளைஞர் மன்றம், நாடோடிக் கலைஞர்கள் என்று செய்தியாளர் அதிகம் எட்டிப் பார்க்காத இடங்கள்தான் இதில் அதிகம் விடுபடுகின்றன. குழுவின் தகுதிக் குறைவு என்பதைவிட, பதிவு செய்யப்படாமல் போனது என்பதே உண்மை.

இதைச் சரிசெய்ய முயற்சிகளும் நடந்தன. 2011-ல் அச்சல் பிரபலா தலைமையில் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு திட்டம் நடந்தது. ஊர் விளையாட்டுகள், சடங்குகள் பற்றி மக்களே சொல்வதை ஒலிப்பதிவு செய்து, அதைச் சான்றாகப் பயன்படுத்தலாமா என்று பார்த்தார்கள். மலையாளம், இந்தி, செப்பேடி மொழிகளில் வேலை நடந்தது. கவனம் பெற்றாலும், வாய்மொழிச் சான்று பொது விதியாக இன்றுவரை ஏற்கப்படவில்லை.

'பக்கம் போட்டுத் தர்றோம்' என்று யாராவது வந்தால்?

உஷாராக இருங்கள். 2015 ஆகஸ்ட் இறுதியில் ஆங்கில விக்கிப்பீடியாவில் 381 கணக்குகளை ஒரே நேரத்தில் முடக்கினார்கள். 'ஆரஞ்சுமூடி' என்று அந்த வழக்குக்குப் பெயர். அவர்கள் குறிவைத்தது சிறு நிறுவனங்களையும் அவ்வளவு பிரபலமில்லாத கலைஞர்களையும்தான். வரைவு நிராகரிக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, 'காசு கொடுத்தால் பக்கம் போடுகிறோம்' என்றார்கள். போட்ட பிறகு, 'பக்கம் நீக்கப்படாமல் பாதுகாக்க மாதாமாதம் கொடுங்கள்' என்றும் கேட்டார்கள். கடைசியில் பணமும் போனது, பக்கமும் போனது. 200-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் நீக்கப்பட்டன.

விக்கிப்பீடியாவில் பக்கம் தொடங்கக் கட்டணம் கிடையாது. காசு வாங்கி எழுதுகிறவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014 முதல் பயன்பாட்டு விதி. 'பக்கம் நிற்கும்' என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

மன்ற உறுப்பினரே தன் மன்றத்தைப் பற்றி எழுதுவதும் நல்லதல்ல. முழுத் தடை இல்லை என்றாலும், எழுதுகிறவர் தன் உறவை உரையாடல் பக்கத்தில் சொல்லிவிட்டு, வேறொருவர் பார்வையிடக் கேட்பதுதான் முறை.

பக்கத்தை நீக்கிவிட்டால் என்ன செய்வது?

முதலில், சண்டை வேண்டாம். நீக்கிய பக்கத்தை வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்பப் போட்டால் கணக்கையே தடை செய்துவிடுவார்கள்.

நீக்கும் கோரிக்கை நிலுவையில் இருந்தால், உரையாடலில் போய் ஆதாரத்தைக் காட்டலாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்த உரையாடல் வழக்கமாக ஏழு நாள் நடக்கும். அங்கே தலை எண்ணிக்கை பார்ப்பதில்லை. ஐம்பது பேர் வந்து 'நல்ல மன்றம்' என்று எழுதுவதைவிட, ஒருவர் வந்து ஒரு முழுநீளக் கட்டுரையின் தேதியையும் பக்க எண்ணையும் கொடுப்பதற்குத்தான் மதிப்பு. வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டு ஆள் திரட்டினால் எதிர்மறையாகத்தான் போய் முடியும்.

தமிழ் விக்கிப்பீடியாவில் சந்தேகம் கேட்க 'ஆலமரத்தடி' என்று ஒரு பொது இடம் இருக்கிறது. எழுதிப் பழக 'மணல்தொட்டி' இருக்கிறது. முதல் வரைவை அங்கே போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்கலாம்.

பக்கம் கிடைக்காவிட்டால் வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. பலருக்கும் தெரியாதது இதுதான்.

ஊர்ப் பக்கத்தில் இரண்டு வரி: குறிப்பிடத்தக்கமை விதி தனிக் கட்டுரைக்குத்தான். இன்னொரு கட்டுரைக்குள் வரும் தகவலுக்கு அது பொருந்தாது. சரிபார்க்கக்கூடிய ஒரு நல்ல ஆதாரம் இருந்து, ஊருக்கு முக்கியம் என்றால், மங்களூர் பற்றிய கட்டுரையிலேயே மன்றத்தின் வேலையைச் சுருக்கமாகச் சேர்க்கலாம்.

படங்கள்: விக்கிமீடியா பொதுவகத்தில், நீங்களே எடுத்த ஊர்த் திருவிழா, ஏரி, சூளை வேலை, கூத்து மேடைப் படங்களைக் கட்டற்ற உரிமத்தில் ஏற்றலாம். அந்தப் படங்கள் வேறு கட்டுரைகளில் பயன்படும். முகம் தெரிகிறவர்களிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய புத்தகங்கள்: ஊர் வரலாறு சொல்லும், காப்புரிமை முடிந்த நூல் இருந்தால் விக்கிமூலத்தில் சேர்க்கலாம்.

சொந்த ஆவணம்: தொடங்கிய தேதி, உறுப்பினர் பட்டியல், தீர்மான நோட்டு, படங்கள், பத்திரிகைத் துண்டுகள் எல்லாவற்றையும் தேதி போட்டு ஸ்கேன் செய்து வையுங்கள். நாளைக்கு ஒரு செய்தியாளரோ ஆய்வு மாணவரோ வந்தால், அவருக்கு முதலில் தேவைப்படுவது இதுதான். பக்கத்தில் உள்ள கல்லூரியின் தமிழ், வரலாற்றுத் துறைகளுக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம்.

பக்கம் தொடங்கும் முன் சரிபார்க்க

1. மன்றத்தோடு தொடர்பில்லாதவர் எழுதிய கட்டுரை இருக்கிறதா?
2. அது நாலு வரிக் குறிப்பா, இல்லை மன்றத்தைப் பற்றியே எழுதியதா?
3. அப்படி ஒன்றுக்கு மேல் இருக்கிறதா? அதில் ஒன்றாவது மாவட்டத்தைத் தாண்டிப் படிக்கப்படும் இதழா?
4. மன்றம் சொன்னதை எல்லாம் எடுத்துவிட்டால், கட்டுரையில் எழுத ஐந்தாறு வரி மிஞ்சுமா?
5. எழுதப் போகிறவர் மன்ற உறுப்பினரா? என்றால் அதை வெளிப்படையாகச் சொன்னாரா?

ஐந்துக்கும் திருப்தியான பதில் இருந்தால் தைரியமாகத் தொடங்கலாம். நாலாவது கேள்வியில் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால், இப்போதைக்கு ஊர்ப் பக்கத்தில் இரண்டு வரியே சரியான இடம். பனை விதை போட்ட ஏரிக்கரைக்கு என்றைக்காவது ஒரு செய்தியாளர் வந்து விரிவாக எழுதினால், அந்தத் தேதியையும் பக்க எண்ணையும் குறித்து வைத்துக்கொண்டு மறுபடி முயற்சி செய்யலாம். நீக்கிய பக்கத்தை நல்ல ஆதாரத்தோடு திரும்பக் கொண்டுவர விக்கிப்பீடியாவில் வழி இருக்கிறது.